ஊசியில் ‘பெதஸ்டா 4’, பயாப்ஸியில் வேறு பெயர்: தைராய்டு புற்றுநோயின் வகை எந்தக் கட்டத்தில் தெரியும்?

கேள்வி – ரிப்போர்ட்_மேசை

வணக்கம். புற்றுநோய்ப் பிரிவில் பயாப்ஸி ரிப்போர்ட்டை நோயாளிக்கும் வீட்டாருக்கும் தமிழில் விளக்கிச் சொல்வது என் வேலை. மார்பகம், கர்ப்பப்பை வாய் என்றால் கோவையாகச் சொல்லிவிடலாம். தைராய்டில்தான் திணறல். ஒரே ஆளின் ஃபைலில் ஸ்கேன் ‘பயமில்லை’ என்கிறது, ஊசிப் பரிசோதனை ‘ஃபாலிகுலர் நியோப்ளாசம், பெதஸ்டா 4’ என்கிறது (நியோப்ளாசம் என்றால் கட்டி, பெதஸ்டா என்பது ஊசி முடிவைத் தரம் பிரிக்கும் முறை), ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்ஸி ‘பாப்பில்லரி கார்சினோமா, ஃபாலிகுலர் வேரியன்ட்’ என்கிறது. வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “இதில் எந்த டாக்டர் தப்பு பண்ணினார்?”

பாப்பில்லரி, ஃபாலிகுலர், மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் என்று நான்கு பெயரும் தெரியும். எந்த வகை எந்தப் பரிசோதனையில் பிடிபடும், ஊசியிலேயே ஏன் எல்லாவற்றையும் சொல்ல முடிவதில்லை, வகையைத் தவறாகப் புரிந்துகொண்டால் சிகிச்சையில் என்ன கெடும் என்பதுதான் வேண்டும். பாடப்புத்தக அட்டவணை கையில் இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

பதில் – நாற்பது_எக்ஸ்

யாரும் தப்பு பண்ணவில்லை. தைராய்டில் ஒவ்வொரு வகையும் ஒவ்வோர் இடத்தில் அகப்படும். பாப்பில்லரி செல்லின் உட்கருவில், ஃபாலிகுலர் கட்டியைச் சுற்றியுள்ள உறையில், மெடுல்லரி பெரும்பாலும் ரத்தத்தில், அனாபிளாஸ்டிக் வளரும் வேகத்தில். ஊசியில் வருவது செல் மட்டும்தான், உறை வராது. உங்கள் ஃபைல் குழப்பத்தில் பாதிக்குமேல் இதனால் வருவது.

தைராய்டு புற்றுநோயில் பத்தில் எட்டு பாப்பில்லரி. ஸ்லைடில் உட்கரு பெரிதாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதன் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். சிலவற்றில் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சுற்றியுள்ள செல் பகுதி) உட்கருவுக்குள் புகுந்து ஒரு வட்டம் தெரியும், ‘இன்க்ளூஷன்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்தின் விளிம்பு கூராக இருக்கணும், உள்ளே இருக்கும் நிறம் வெளியே உள்ள சைட்டோபிளாசத்தின் நிறமாகவே இருக்கணும். நடுவில் வெறும் வெளிறிய குமிழி தெரிந்தால் அது ஸ்லைடு காய்ந்த கோளாறு. கோடு மட்டும் அங்கொன்று இங்கொன்று என்று இருந்தாலும் போதாது. ஹஷிமோட்டோ தைராய்டிடிஸ் என்ற தைராய்டு அழற்சியிலும் கோடு வரும், அவசரத்தில் அதைப் பாப்பில்லரி என்று எழுதிவிடுவது உண்டு.

இதெல்லாம் தெரிய ஸ்மியர் (ஊசியில் வந்த செல்லை ஸ்லைடில் தேய்த்தது) ஒழுங்காக இருக்கணும். பாப் சாயத்துக்கான ஸ்லைடு தேய்த்த சில நொடிகளில் 95 சதவீத ஆல்கஹாலில் விழணும். ஒரு நிமிடம் தள்ளிப் போட்டாலே உட்கரு ஊதிக் கோடு மங்கிவிடும். ஜீம்சா சாயத்துக்கு நேர்மாறு, காற்றில் காயணும். இரண்டையும் ஒரே ஜாடியில் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! போதுமான ஸ்மியர் என்றால், குறைந்தது 10 செல் கொண்ட கூட்டம் 6 ஆவது இருக்கணும். நீர் கோத்த கட்டியில் நீரை மட்டும் உறிஞ்சினால் மாக்ரோஃபேஜ் என்ற, கழிவை விழுங்கும் செல்தான் வரும், பாப்பில்லரி சுவரில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். நீரை எடுத்தபின் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மீதமுள்ள கெட்டிப் பகுதியில் இன்னொரு முறை குத்தணும்.

ஃபாலிகுலர் விஷயம் வேறு. ஃபாலிகுலர் அடினோமா சாதாக் கட்டி, ஃபாலிகுலர் கார்சினோமா புற்றுநோய். செல்லை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கட்டி உறையை முழுத் தடிமனிலும் துளைத்து வெளியே வந்திருக்கிறதா, உறையிலோ அதற்கு வெளியிலோ உள்ள ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் ஊசி ‘நியோப்ளாசம்’ என்றதோடு நின்றுவிடுகிறது. 2023இல் வந்த பெதஸ்டா மூன்றாம் பதிப்பின்படி 3ஆம் வகையில் சராசரியாக 22 சதவீதம், 4ஆம் வகையில் 30 சதவீதம், 5இல் 74 சதவீதம் கடைசியில் புற்றுநோயாக முடிகிறது. அதாவது பெதஸ்டா 4 என்று வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்குப் புற்றுநோய் இல்லை. வீட்டாரிடம் இந்தக் கணக்கை முதலில் சொல்லுங்கள்.

ஆபரேஷனில் வந்த பாதித் தைராய்டை 10 சதவீத ஃபார்மலினில் ஊறவைத்து, வெளிப்புறத்தில் மை தடவி, மெல்லிய துண்டுகளாக அறுப்போம். இங்கே எண்ணிக்கைதான் முக்கியம். சின்னக் கட்டி என்றால் உறை முழுவதும் கேசட்டில் (திசுத் துண்டை வைக்கும் சிறு பெட்டி) ஏறணும். பெரியது என்றால் உறையும் கட்டியும் சந்திக்கிற விளிம்பிலிருந்து குறைந்தது 10 பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு). கட்டியின் நடுப்பகுதியிலிருந்து எத்தனை எடுத்தாலும் பயனில்லை. இரண்டு பிளாக்கை மட்டும் பார்த்து ‘அடினோமா’ என்று எழுதி வந்த ரிப்போர்ட்டை நம்பக் கூடாது. ஆபரேஷன் நடக்கும்போதே கேட்கும் ஃப்ரோசன் செக்ஷனும் (துண்டை உறையவைத்து உடனே பார்ப்பது) ஃபாலிகுலருக்கு அதிகம் உதவாது, ஒன்றிரண்டு துண்டுகளுக்குமேல் பார்க்க அதில் நேரமில்லை. பாப்பில்லரியின் வெளிறிய உட்கருவும் ஃபார்மலின் தரும் தோற்றம்தான், உறையவைத்த துண்டில் அது கிடைக்காது.

ஊசி குத்திய தடமே உறையைக் கிழித்துப் ‘படையெடுப்பு’ போலக் காட்டுவதும் உண்டு. பக்கத்தில் பழைய ரத்தக்கசிவும் இரும்புக் கறையும் இருந்தால் ஊசித் தடம் என்று சந்தேகப்படணும். ரத்தக்குழாய்க்குள் செல் கும்பல் மிதந்துகொண்டிருந்தால், அறுக்கும்போது கத்தி இழுத்துப் போட்டதாக இருக்கலாம். உண்மையான படையெடுப்பு என்றால் அது சுவரில் ஒட்டியிருக்கணும், மேலே எண்டோதீலியம் (குழாயின் உள்படலம்) மூடியிருக்கணும், அல்லது கூடவே ரத்தக்கட்டு இருக்கணும். தெளிவில்லை என்றால் அந்த உள்படலத்தைக் காட்டும் சி.டி.31 அல்லது இ.ஆர்.ஜி. சாயம். எத்தனை குழாய் என்றும் எண்ணி எழுதணும். 4க்குக் கீழா, 4ம் அதற்கு மேலுமா என்பதை வைத்து ஆபத்து மாறும்.

இனி உங்கள் ஃபைல். ‘ஃபாலிகுலர் வேரியன்ட்’ என்பது ஃபாலிகுலர் மாதிரி வட்ட வட்டமாக அடுக்கி, பாப்பில்லரியின் உட்கருவைக் கொண்ட கட்டி. ஊசியில் அடுக்கு தெரிந்தது, உட்கரு மாற்றம் லேசாக இருந்ததால் 4 போட்டார்கள். முழுக் கட்டி கைக்கு வந்ததும் பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கணும், அதைத் தேடுங்கள். உறைக்குள் முழுசாக அடங்கி, எங்கும் துளைக்கவில்லை என்றால் அதற்கு 2016 முதல் என்.ஐ.எஃப்.டி.பி. என்று பெயர், ‘நிஃப்ட்பி’ என்போம். அதன் பெயரிலிருந்து ‘கார்சினோமா’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். பாதித் தைராய்டை எடுத்ததே போதும், ரேடியோ அயோடினும் (கதிரியக்க அயோடின் மருந்து) வேண்டாம். உறையைத் துளைத்திருந்தால், 2022 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் தனி வகை, நடத்தை ஃபாலிகுலரை ஒட்டியது. உறையே இல்லாமல் சுற்றிலும் பரவியிருந்தால் அசல் பாப்பில்லரி போலக் கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) போகும். ரிப்போர்ட்டில் உறையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அந்த ரிப்போர்ட் பாதிதான்.

பாப்பில்லரியிலேயே டால் செல், ஹாப்நெய்ல், காலம்னர் என்று எழுதியிருந்தால் அடிக்கோடு போடுங்கள். இவை வேகமானவை. டால் செல் என்று எழுத, செல்லின் உயரம் அகலத்தைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்கணும், அப்படிப்பட்ட செல் கட்டியில் 30 சதவீதமாவது இருக்கணும்.

ஹர்த்தில் செல் என்று பழைய ரிப்போர்ட்டில் இருப்பது இப்போது ஆன்கோசைட்டிக் கார்சினோமா, 75 சதவீதம் ஆன்கோசைட் செல் வேண்டும். உறை விதி ஃபாலிகுலருக்குச் சொன்னதேதான்.

பதில் – கத்தியும்_கால்சியமும்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஸ்கேன் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டைராட்ஸ் (அல்ட்ராசவுண்டில் கட்டியின் தோற்றத்துக்குத் தரும் மதிப்பெண்) பாப்பில்லரியை மனதில் வைத்துச் செய்தது மாதிரி இருக்கும்: கறுத்த கட்டி, அகலத்தைவிட உயரம் அதிகம், ஒழுங்கற்ற விளிம்பு, பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளி. ஃபாலிகுலர் கார்சினோமா பெரும்பாலும் உருண்டையாக, வழவழ விளிம்போடு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அதனால் மதிப்பெண் 3இல் நிற்கலாம். அமெரிக்க முறைப்படி 3ஆம் நிலைக்கு 2.5 செ.மீ., 4க்கு 1.5, 5க்கு 1 செ.மீ. எட்டினால்தான் ஊசி. ‘ஸ்கேன் பயமில்லை என்றது’ என்று வீட்டார் சொல்வது இந்த இடம்தான். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), டி3, டி4 நார்மலாக இருப்பதற்கும் புற்றுநோய் இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

மெடுல்லரிக்கு வருகிறேன், அதிகம் கோட்டை விடுவது இதில்தான். இது தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல்லில் வருவதில்லை, கால்சிடோனின் சுரக்கும் சி செல்லில் வருவது. மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள். ஊசியில் செல்கள் ஒட்டாமல் தனித்தனியாகச் சிதறியிருக்கும், உட்கரு ஓரத்துக்குத் தள்ளியிருக்கும், குரோமாட்டின் (உட்கருவில் உள்ள மரபணுப் பொருள்) உப்பும் மிளகும் தூவினாற்போல் இருக்கும். ஆனால் பல முகம் காட்டும். ஹர்த்தில் மாதிரி, ஃபாலிகுலர் மாதிரி, சில நேரம் அனாபிளாஸ்டிக் மாதிரிகூட. பக்கத்தில் படிந்து கிடக்கும் அமிலாய்டு என்ற புரதத்தைக் கொலாய்டு (தைராய்டில் இயல்பாக இருக்கும் பசை) என்று நினைத்துவிட்டால் முடிந்தது கதை. ஊசியை மட்டும் நம்பினால் கணிசமானவை தவறும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் கால்சிடோனினும், சி.இ.ஏ. என்ற புற்றுநோய் அடையாளப் புரதமும் பார்க்கணும். ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி அந்த நீரிலும் கால்சிடோனின் பார்க்கலாம், அது இன்னும் துல்லியம்.

கால்சிடோனின் சீக்கிரம் சிதைகிற சரக்கு. ரத்தத்தை ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோய், உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து உறையவைக்கணும். மதியம் எடுத்து மறுநாள் அனுப்பினால் இல்லாத ஆறுதல் கிடைக்கும். சிறுநீரகச் செயலிழப்பு, புகைப்பழக்கம், ஓமெப்ரசோல் வகை மாத்திரை ஆகியவற்றால் லேசாக ஏறும். ஒரு மி.லி.க்கு 100 பிகோகிராம் தாண்டினால் மெடுல்லரி என்றே நினைக்கணும். இன்னொன்று: அளவு பல ஆயிரமாக இருக்கும்போது சில கிட்டில் பொய்யாகக் குறைந்து காட்டும். கட்டி பெரிசு, எண் சின்னது என்றால் நீர்த்துத் திரும்பப் பார்க்கச் சொல்லணும்.

மெடுல்லரி என்று தெரிந்ததும் கத்தி எடுப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினலின் வகை ஹார்மோன் சுரக்கும் கட்டி) இருக்கிறதா என்று ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டானெஃப்ரின் (அந்த ஹார்மோன் சிதைந்து வரும் பொருள்) பார்க்கணும். அது இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி டேபிளிலேயே ஆளை இழக்க நேரிடும். இருந்தால் முதலில் அட்ரினல், பிறகுதான் கழுத்து. இரண்டு, ரெட் (RET) மரபணுப் பரிசோதனை. ‘எங்க குடும்பத்தில் யாருக்குமே இல்லை’ என்று சொன்னாலும் எல்லா மெடுல்லரி நோயாளிக்கும் செய்யணும். நாலில் ஒருவருக்கு இது பரம்பரையாக வந்திருக்கும், அப்படியானால் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. எம்918டி என்ற மாற்றம் குழந்தைக்கு இருந்தால் முதல் வயதுக்குள், 634ஆம் கோடானில் இருந்தால் 5 வயதுக்குள் அல்லது அதற்கு முன்பே தைராய்டை எடுக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட் விளக்கும் இடத்தில் நீங்கள் இருப்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: “அம்மா, உங்க பிள்ளைங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சா?”

பதில் – பிளாக்_நம்பர்

அனாபிளாஸ்டிக் பற்றிச் சுருக்கமாக. 60 தாண்டியவர், பல வருஷமாகக் கழுத்தில் இருந்த கட்டி சில வாரங்களில் கல்லாகிப் பெருத்து, குரல் கம்மி, மூச்சுத் திணறுகிறது என்றால் ஸ்லைடு வரும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. ஊசியில் பல நேரம் செத்த திசுதான் வரும், ஆகவே கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது). மூச்சுக்குழாய் எவ்வளவு நெரிந்திருக்கிறது என்று அன்றைக்கே பார்க்கணும். பெயர் வைத்தாலே 4ஆம் நிலை, கீழ்நிலை என்பதே இதற்குக் கிடையாது. பிராஃப் மரபணுவில் வி600இ மாற்றம் இருக்கிறதா என்று ஐ.எச்.சி. சாயத்தில் (குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் சாயம்) ஓரிரு நாளில் தெரியும். இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மருந்தையும் சேர்த்துத் தொடங்கலாம். முழு மரபணு வரிசை வரட்டும் என்று மூன்று வாரம் காத்திருக்க இவர்களிடம் நேரமில்லை.

இதே கோலத்தில் வரும் இன்னொன்று லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்றுநோய்). ஹஷிமோட்டோ உள்ள வயதான பெண்களிடம் பார்க்கலாம். அது கீமோவில் கரையும், பெரிய ஆபரேஷன் வேண்டாம். திணறல் என்று பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு போட்டால் லிம்ஃபோமா சுருங்கி, பிறகு எடுக்கும் துண்டில் ஒன்றும் இல்லாமல் போய்விடும். முடிந்தால் துண்டு முதலில், ஸ்டீராய்டு பிறகு. நிணநீர்ச் செல்லைக் காட்டும் சி.டி.45, சி.டி.20 சாயங்களைப் போட்டால் லிம்ஃபோமாவும் அனாபிளாஸ்டிக்கும் பிரிந்துவிடும்.

செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று காட்டும் சாயப் பட்டியலில் ஒரு கண்ணி. அனாபிளாஸ்டிக்கில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல் செய்யும் புரதம்) போயிருக்கும், டி.டி.எஃப்-1 பெரும்பாலும் போயிருக்கும், பேக்ஸ்-8 பலவற்றில் மிஞ்சும். ‘பேக்ஸ்-8 பாசிட்டிவ், ஆகவே தைராய்டு’ என்று எழுதிவிடக் கூடாது, சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அது பாசிட்டிவ்; சிறுநீரகத்திலிருந்து தைராய்டுக்குப் பரவி வந்து உட்காருவதும் உண்டு, மூல ஆபரேஷன் நடந்து பல வருஷம் கழித்துக்கூட. நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் தலைகீழ், டி.டி.எஃப்-1 பாசிட்டிவ், பேக்ஸ்-8 நெகட்டிவ்.

நடுவில் ‘புவர்லி டிஃபரன்ஷியேட்டட்’ என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் கேட்க மறந்துவிட்டீர்கள். பாப்பில்லரிக்கும் அனாபிளாஸ்டிக்குக்கும் இடைப்பட்ட குணம். ரிப்போர்ட்டில் நெக்ரோசிஸ் (செத்த திசு), மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்) எண்ணிக்கை இரண்டும் எழுதியிருக்கிறதா பாருங்கள். பாப்பில்லரியோ ஃபாலிகுலரோ, 2 சதுர மி.மீ.க்கு 5 மைட்டோசிஸ் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ நெக்ரோசிஸ் இருந்தாலோ அதை ஹை கிரேடு என்று தனியாகக் குறிக்கணும்.

ரிப்போர்ட்_மேசை

மூவருக்கும் நன்றி. என்.ஐ.எஃப்.டி.பி. விஷயம் எனக்குப் புதிது, பழைய ஃபைல்களில் உறை பற்றிய வரியைத் தேடிப் பார்க்கிறேன். ஒரு துணைக்கேள்வி: ‘தைராய்டு கேன்சர்னா அயோடின் மருந்து குடிச்சா சரியாயிடும்’ என்று வார்டு முழுக்க நம்புகிறார்கள். யாருக்கு அது, யாருக்கு இல்லை?

பதில் – காமா_கேமரா

அயோடினை உறிஞ்சும் செல்லுக்குத்தான் அயோடின்-131 வேலை செய்யும். பாப்பில்லரியும் ஃபாலிகுலரும் உறிஞ்சும். ஆன்கோசைட்டிக் அரைகுறை. மெடுல்லரிக்கு உறிஞ்சும் கருவியே கிடையாது, அனாபிளாஸ்டிக் அதைத் தொலைத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் மருந்து கொடுத்தால் கதிர்வீச்சு மட்டும் மிச்சம். மெடுல்லரிக்குத் தைராக்ஸின் மாத்திரையும் ஈடுகட்டும் அளவு போதும், டி.எஸ்.எச்.சை அமுக்கத் தேவையில்லை. கண்காணிப்பும் தைரோகுளோபுலினில் இல்லை, கால்சிடோனினிலும் சி.இ.ஏ.விலும். கால்சிடோனின் இரட்டிப்பாக 6 மாதத்துக்குள் ஆகிறதா, 2 வருஷத்துக்குமேல் ஆகிறதா என்பது முக்கியம்.

பாப்பில்லரியிலும் எல்லாருக்கும் வேண்டாம். 1 செ.மீ.க்குள் அடங்கிய ஒற்றைக் கட்டி, நெறியில் பரவவில்லை என்றால் தேவையே இல்லை. வேண்டியவர்களுக்கு முதலில் முழுத் தைராய்டும் எடுத்திருக்கணும், பாதி மிச்சமிருந்தால் மருந்தை அதுவே விழுங்கிவிடும். டி.எஸ்.எச். 30க்கு மேல் ஏறணும், அதற்குத் தைராக்ஸினை 3 முதல் 4 வாரம் நிறுத்துவோம், அல்லது டி.எஸ்.எச். ஊசி. ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு: பாக்கெட் உப்பு, கருவாடு, கடல் மீன், பால், தயிர், முட்டை மஞ்சள் கிடையாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதிலும் அதே உப்புதான்.

அதிகம் கெடுப்பது கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேன். அந்தச் சாயம் முழுக்க அயோடின், குறைந்தது 6 முதல் 8 வாரம் போனால்தான் மருந்து ஏறும். ஆனால் கழுத்தில் பெரிய கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும்போது இதற்குப் பயந்து சி.டி.யைத் தள்ளிப்போடக் கூடாது, அயோடின் காத்திருக்கலாம்.

தைரோகுளோபுலின் பார்க்கும்போது கூடவே அதன் ஆன்டிபாடியும் கேளுங்கள். ஆன்டிபாடி இருந்தால் தைரோகுளோபுலின் 0.1 என்று வந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. அந்த நோயாளிக்கு ஆன்டிபாடி அளவு வருஷா வருஷம் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்கணும், அதுவும் ஒரே லேபில், ஒரே கிட்டில்.